கடல் மைல் யாருடைய மைல்? – முடிச்சு, கலை, பீரங்கிக் குண்டு

'சர்வதேசக் கடல் எல்லைக் கோட்டைத் தாண்டி இத்தனை நாட்டிகல் மைல் உள்ளே வந்து மீன்பிடித்ததாகக் கூறி மீனவர்கள் கைது.' வருஷத்துக்குப் பலமுறை நாம் படித்துவிட்டு அடுத்த பத்திக்குத் தாவிவிடுகிற செய்தி இது. கைது, படகு பறிமுதல், சில சமயம் துப்பாக்கிச் சூடு, பிறகு கண்டனம், கடிதம், விடுதலை. இதைச் சுற்றிய எல்லாவற்றையும் பற்றி நாம் நிறையவே விவாதித்திருக்கிறோம். கச்சத்தீவைப் பற்றி, இரண்டு அரசுகளைப் பற்றி, தேசம் என்கிற கட்டமைப்பைப் பற்றி. ஆனால் அந்த வாக்கியத்தின் நடுவே சமர்த்தாக உட்கார்ந்திருக்கிற 'நாட்டிகல் மைல்' என்கிற சொல்லை நிறுத்தி, நீ எந்த ஊர், உன் நீளம் என்ன, உன்னை அளந்து கொடுத்தவன் யார் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அளவு என்று வந்துவிட்டாலே நமக்கு ஒரு பணிவு வந்துவிடுகிறது. அளவுகோலுக்கு அரசியல் கிடையாது என்று பள்ளிக்கூடத்திலேயே நம்பவைக்கப்பட்டவர்கள் நாம்.

கடலில் வேலை செய்கிறவர்கள் தூரத்தை அப்படிச் சொல்வதில்லை. பாக் நீரிணைக் கரையில் வள்ளத்துக்காரர் ஒருவரிடம் 'எவ்வளவு தூரம்ணே போவீங்க?' என்று கேட்டால், 'ரெண்டு மணி நேர ஓட்டம்' என்பார். அல்லது 'ஆறு பாகத் தண்ணி வரைக்கும்' என்பார். பாகம் என்பது இரண்டு கையையும் விரித்து நின்றால் வருகிற நீளம், அதாவது ஓர் உடம்பு. அவருக்குத் தூரம் என்பது நேரம், ஆழம், அன்றைய காற்று, நீரோட்டம் எல்லாம் சேர்ந்த ஒன்று. கொண்டல் அடிக்கிற நாளில் ரெண்டு மணி ஓட்டமாக இருக்கிற இடம் வாடையில் நாலு மணி ஓட்டம் ஆகும். இடம் நகரவில்லைதான், ஆனால் அவர் போடும் உழைப்பு இரட்டிப்பாகிவிட்டது. அந்த உழைப்பைத்தான் அவர் அளந்து சொல்கிறார்.

நாட்டிகல் மைல் இந்த உழைப்பைக் கழித்துவிட்டுத்தான் பிறக்கிறது. ஆனால் ஒரே நாளில் பிறந்துவிடவில்லை.

*

பாடப்புத்தக வரையறை எளிமையானது. பூமியின் வடக்கு-தெற்குச் சுற்றை 360 பாகையாகவும், ஒரு பாகையை 60 கலையாகவும் பிரித்தால், ஒரு கலைக்கு உரிய நீளம் ஒரு கடல் மைல். (பாகை, கலை, விகலை என்பவை நம் பஞ்சாங்கக்காரர்கள் இன்றும் புழங்குகிற சொற்கள். நாளுக்கு அறுபது நாழிகை, நாழிகைக்கு அறுபது விநாழிகை என்கிற கணக்கும் இதே அறுபதின் குடும்பம்தான்.) வரைபடத்தில் ஒரு கலை நகர்ந்தால் கடலில் ஒரு மைல் போயாயிற்று என்று அர்த்தம். பெருக்கவோ வகுக்கவோ வேண்டாம். மாலுமிக்கு இதைவிட வசதியான அளவு கிடையாது.

இந்த வசதியே ஒரு மயக்கத்தையும் உண்டாக்குகிறது. முழம், சாண், அடி எல்லாம் மனுஷ உடம்பிலிருந்து வந்தவை, ஆகவே தன்னிச்சையானவை. கடல் மைலோ பூமியின் உடம்பிலிருந்தே வந்தது, ஆகவே அது இயற்கை, யாருக்கும் சார்பில்லாதது என்கிற மயக்கம். போலந்து வரலாற்றாசிரியர் விட்டோல்டு குலா, அளவைகளும் மனிதர்களும் பற்றி 1970இல் எழுதிய நூலில், நிலப்பிரபு தானியத்தை அளந்து வாங்கிய மரக்காலைச் சுற்றி நடந்த சண்டைகளை விரிவாகச் சொல்கிறார். நம் ஊரிலும் வாங்குவதற்கு ஒரு மரக்கால், கொடுப்பதற்கு ஒரு மரக்கால் என்பது புதிய சமாச்சாரம் இல்லை. கடல் மைலின் கதை அந்த மரக்கால் கதையிலிருந்து ரொம்பத் தூரத்தில் இல்லை. ஒரே வித்தியாசம், இங்கே மரக்காலுக்கு அடியில் பூமி இருக்கிறது. பூமியை யார் அளந்தார்கள் என்பதுதான் கேள்வி.

9ஆம் நூற்றாண்டில் கலீபா அல்-மாமூனின் ஆட்கள் சிஞ்சார் சமவெளியில் வடக்கும் தெற்குமாக நடந்து, துருவ உயரம் ஒரு பாகை மாறும்வரை கயிறு பிடித்து அளந்தார்கள். அல்-ஃபர்கானியின் நூல் வழியாக ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்த எண், பாகைக்கு 56 மைலும் இரண்டு பங்கு மூன்றும். இந்த எண்ணைத்தான் கொலம்பஸ் கையில் எடுத்தார். அல்-ஃபர்கானி சொன்னது அரபு மைல். கொலம்பஸ் அதை அதைவிடக் குட்டையான ரோமானிய மைல் என்று எடுத்துக்கொண்டார். விளைவு, பூமி ஏறக்குறைய கால் பங்கு சுருங்கிவிட்டது. ஆசியாவின் கிழக்குக் கரை, ஓடிப் பிடித்துவிடலாம் என்கிற தூரத்துக்கு வந்துவிட்டது. ஓர் அலகைத் தப்பாக மொழிபெயர்த்ததன் பலனை இரண்டு அமெரிக்கக் கண்டங்களின் பூர்வகுடிகள் அனுபவித்தார்கள். அலகு சரியாக இருந்திருந்தால் மட்டும் வேறொருவன் வராமல் போயிருப்பானா என்று கேட்டால், வந்திருப்பான்தான். ஆனாலும் அலகுப் பிழை என்பது மாணவனின் விடைத்தாளில் மட்டும் நடக்கிற காரியம் அல்ல என்பதற்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

*

16ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கப்பலில் தூரம் எப்படி அளக்கப்பட்டது? கப்பலின் பின்புறத்திலிருந்து கயிறு கட்டிய மரத்துண்டு ஒன்றைத் தண்ணீரில் போடுவார்கள். துண்டு தண்ணீரில் நின்றுகொள்ளும், கப்பல் போய்க்கொண்டிருக்கும், கயிறு ஓடும். கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுகள். அரை நிமிஷ மணற்குடுவை தீரும்வரை எத்தனை முடிச்சு கை வழியே ஓடுகிறதோ அதுவே கப்பலின் வேகம். இன்றும் கப்பலுக்கும் விமானத்துக்கும் வேகத்தை 'நாட்' என்றுதான் சொல்கிறார்கள், முடிச்சு என்று. 1574இல் வில்லியம் போர்ன் தம் கடல்வழி நூலில் இதை விவரிக்கிறார். அந்த மரத்துண்டுக்கு ஆங்கிலத்தில் 'லாக்' என்று பெயர். அளந்ததைக் குறித்து வைத்த புத்தகம் லாக் புத்தகம். இன்று கணினிக்குள் நுழைய நாம் 'லாக்-இன்' பண்ணுகிறோம் என்றால், அந்த நனைந்த மரத்துண்டின் நிழல் நம் மேஜைவரை நீண்டிருக்கிறது.

முடிச்சுக்கும் முடிச்சுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? அது மைல் என்பது எவ்வளவு என்பதைப் பொறுத்தது. ஆங்கிலேயர்கள் மைலுக்கு 5000 அடி என்று வைத்து, ஏறக்குறைய 42 அடிக்கு ஒரு முடிச்சு போட்டார்கள். இந்த இடத்தில்தான் ரிச்சர்டு நார்வுட் வருகிறார்.

நார்வுட் சுவாரஸ்யமான ஆள். கப்பல் பையனாக ஆரம்பித்துக் கணிதம் கற்றவர். பெர்முடாத் தீவுக் கடலில் முத்து எடுக்கலாம் என்று ஆசைப்பட்ட ஒரு கம்பெனி, தண்ணீருக்கு அடியில் இறங்கத் தெரிந்தவர் என்று இவரை அங்கே அனுப்பியது. மன்னாரில் கிடைக்கிற முத்து பெர்முடாவில் கிடைக்கவில்லை. சரி, வந்த ஆளைச் சும்மா வைத்திருப்பானேன் என்று தீவை அளக்கச் சொன்னார்கள். கம்பெனியின் பங்குதாரர்களுக்குத் தீவைத் துண்டுதுண்டாகப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சங்கிலி வேலையில் கைதேர்ந்தவர்தான் பின்னால் பூமியையே அளக்கத் துணிந்தார். 1633 ஜூன் 11இல் லண்டனில் சூரியனின் உச்ச உயரத்தைக் குறித்துக்கொண்டார். 1635 ஜூன் 11இல் யார்க் நகரில் அதையே குறித்தார். இடைப்பட்ட சாலையைச் சில இடங்களில் சங்கிலி போட்டும், சங்கிலி போட முடியாத இடங்களில் காலடியால் எண்ணியும் அளந்துகொண்டே நடந்தார். கிடைத்த விடை: பாகைக்கு 367196 அடி. ஒரு கலைக்கு ஏறக்குறைய 6120 அடி. இன்றைய கணக்குப்படி பார்த்தால் பிழை ஒரு சதவீதத்துக்கும் குறைவு. காலால் நடந்து பூமியை அளந்தவருக்கு இது பெரிய காரியம்.

ஆக மாலுமிகள் நம்பியிருந்த 5000 அடி மைல் தப்பு, சுமார் ஐந்தில் ஒரு பங்கு குட்டை. முடிச்சை 50 அடிக்கு மாற்றுங்கள் என்று 1637இல் வெளியிட்ட நூலில் நார்வுட் சொன்னார். மாலுமிகள் கேட்டார்களா? பல தலைமுறைக்குக் கேட்கவில்லை. குட்டைக் கயிறு கப்பல் உண்மையில் போனதைவிட அதிகம் போனதாகக் காட்டும். கரை வருமுன்பே கரை வந்துவிட்டது என்று கணக்கு எச்சரிக்கும். ராத்திரியில் பாறையில் மோதுவதைவிடக் காலையில் கரையைக் காணோமே என்று திட்டிக்கொள்வது மேல் என்று அவர்கள் நினைத்தார்கள். இதை வெறும் பழமைவாதம் என்று ஒதுக்க எனக்கு மனசில்லை. ஆயிரக்கணக்கான உயிர்களின் அனுபவம் அந்த 42 அடியில் முடிச்சாக இருந்தது. விஞ்ஞானம் சரி, மாலுமியும் சரி. இரண்டு சரிகளும் ஒரே கயிற்றில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு தற்செயல். நார்வுட் யார்க்கில் சூரியனைப் பார்த்த அதே 1635இல்தான் லண்டனில் ஜான் செல்டனின் 'மூடிய கடல்' நூல் வெளிவந்தது. கடலும் அரசனின் சொத்தாக இருக்கலாம் என்று வாதிட்ட நூல். 1609இல் டச்சுக்காரர் ஹ்யூகோ குரோஷியஸ் எழுதிய 'சுதந்திரக் கடல்' நூலுக்கு அது பதில். குரோஷியஸ் சொன்ன சுதந்திரமும் ஒன்றும் புனிதமானதில்லை. சிங்கப்பூர் நீரிணையருகே 1603இல் டச்சுக்காரர்கள் மடக்கிப் பிடித்த ஒரு போர்ச்சுகீசியக் கப்பலின் கொள்ளையை நியாயப்படுத்த எழுதத் தொடங்கிய வாதம் அது. நம்முடைய இந்தியப் பெருங்கடலில் அதற்கு முன்பு பல நூற்றாண்டுகளாகக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தவர்கள் யாரும் இந்த விவாதத்தில் கேட்கப்படவில்லை. கடலை அளக்கிற கை ஒரு பக்கம், கடலுக்குப் பட்டா எழுதுகிற கை ஒரு பக்கம். இரண்டும் கை குலுக்கிக்கொள்ள இன்னும் நூற்றைம்பது வருஷம் இருந்தது.

*

கேட்கப்படாதவர்களிடமும் ஒரு கயிறு இருந்தது, அதிலும் முடிச்சுகள் இருந்தன.

அரபு மாலுமிகளின் அளவு 'இஸ்பா', விரல் என்று பொருள். நீட்டிய கையின் விரலகலம் வானத்தில் எவ்வளவு மறைக்கிறதோ அது. இப்னு மாஜித் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய கடல்நூலில் வட்டத்துக்கு 224 விரல். கடல் தூரத்துக்கு 'ஸாம்', அதாவது மூன்று மணி நேர ஓட்டம். நேர் வடக்காக எட்டு ஸாம் ஓடினால் துருவ நட்சத்திரம் ஒரு விரல் உயரும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு ஸாம் இன்றைய பன்னிரண்டு கடல் மைல் அளவில் வருகிறது. 'ரெண்டு மணி நேர ஓட்டம்' என்கிற நம் வள்ளத்துக்காரரின் பேச்சும் இந்த ஸாமும் ஒரே இலக்கணத்தைச் சேர்ந்தவை.

சோழமண்டலக் கரையின் மாலுமிகள் துருவ உயரத்தைப் பார்க்க ஒரு சிறு பலகை வைத்திருந்தார்கள். பலகையின் நடுவிலிருந்து ஒரு கயிறு. கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு பலகையின் கீழ் விளிம்பை அடிவானத்தோடும் மேல் விளிம்பைத் துருவ நட்சத்திரத்தோடும் பொருத்திப் பார்ப்பது. கயிற்றின் எந்த முடிச்சு பல்லுக்கு வருகிறதோ அந்த முடிச்சுக்குரிய துறைக்கு நேரே கப்பல் நிற்கிறது என்று அர்த்தம். 1850இல் காங்கிரீவ் என்கிற ஆங்கிலேயர் சென்னையிலிருந்து வந்த ஓர் ஆய்விதழில் இக்கரை மாலுமிகளின் இத்தகைய உத்திகளை எழுதிவைத்தார். அவர் எழுதியதால்தான் நமக்கு இவ்வளவாவது தெரிகிறது என்பது நம்முடைய ஆவணக் கலாசாரத்தின் லட்சணம்.

இரண்டு கயிறுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆங்கிலக் கயிற்றில் எல்லா முடிச்சும் சம இடைவெளி. எந்த முடிச்சுக்கும் பெயர் கிடையாது. எந்தக் கடலிலும் போடலாம். நம் கயிற்றில் ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறை, ஓர் ஊர். முதலாவது எண், இரண்டாவது நினைவு. ஊர் பெயர் இல்லாத முடிச்சுதான் உலகம் பூராவும் போக முடிந்தது என்பதையும், அப்படிப் போனதற்குக் கயிற்றின் மகிமை மட்டும் காரணமல்ல, அந்தக் கப்பல்களின் பீரங்கியும் காரணம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு எச்சரிக்கையும் உண்டு: நம்மவை எல்லாம் உயிரோட்டமான அறிவு, அவர்களுடையது வறண்ட எண் என்று கட்சி கட்டிவிடக் கூடாது. வட்டத்தை 224ஆகப் பிரித்த இஸ்பாவும் அருவமான எண்தான். அல்-மாமூனின் கயிறு நார்வுட்டின் சங்கிலிக்கு எண்ணூறு வருஷம் மூத்தது. மேற்கு x கிழக்கு என்று கோடு கிழித்தால் அந்தக் கோடும் இன்னொரு எல்லைக்கோடாகத்தான் போய் முடியும்.

*

பிரெஞ்சுப் புரட்சி இந்தக் கதையில் ஒரு விசித்திரமான அத்தியாயம். மன்னனின் அடி, பிரபுவின் மரக்கால் எல்லாம் ஒழிக, எல்லா மக்களுக்கும் எல்லாக் காலத்துக்கும் ஒரே அளவு என்றார்கள். துருவத்திலிருந்து நிலநடுக்கோடுவரையான தூரத்தில் கோடியில் ஒரு பங்கு ஒரு மீட்டர் என்று 1791இல் முடிவாயிற்று. டெலாம்பர், மெஷேன் என்ற இரண்டு வானியலாளர்கள் டன்கிர்க் முதல் பார்சிலோனா வரை 1792 தொடங்கி ஏழு வருஷ அளவில் அளந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் உளவாளிகள் என்று சந்தேகப்பட்டுப் பிடித்து வைத்ததும் நடந்தது.

நம்மில் பலர் கவனிக்காத விஷயம் இது: புரட்சிக்காரர்கள் கோணத்தையும் பத்தாம் கணக்குக்கு மாற்றினார்கள். கால்வட்டத்துக்கு 90 பாகை அல்ல, 100 'கிராது'. ஒவ்வொரு கிராதுக்கும் 100 பிரிவு. கால்வட்டம் 10000 கிலோமீட்டர் என்றால், அந்தச் சிறு பிரிவுக்கு உரிய தூரம் எவ்வளவு? சரியாக ஒரு கிலோமீட்டர். அதாவது கிலோமீட்டர் என்பது புரட்சியின் கடல் மைல். புதிய கோணம் நிலைத்திருந்தால் மாலுமிக்குக் கிலோமீட்டரே கலைக்குக் கலை பொருந்தியிருக்கும், வேறு மைலே தேவைப்பட்டிருக்காது. ஆனால் நட்சத்திர அட்டவணைகள், கோணமானிகள், கடல் வரைபடங்கள் எல்லாம் பாபிலோனியரின் அறுபதிலேயே அச்சாகியிருந்தன. நிலத்தில் ஜெயித்த பத்து, கடலில் அறுபதிடம் தோற்றது. தோற்றதன் தழும்புதான் 1852 என்கிற எண். நான்கு கோடி மீட்டரை 21600 கலையால் வகுத்தால் 1851.85 வருகிறது. 1929இல் மொனாக்கோவில் கூடிய சர்வதேச நீர்ப்பரப்பியல் மாநாடு அதை முழுமையாக்கி, ஒரு கடல் மைல் என்பது 1852 மீட்டர் என்றது. அமெரிக்கா 1954வரை தன்னுடைய 6080.20 அடியையும், பிரிட்டன் 1970வரை தன்னுடைய 6080 அடியையும் விடவில்லை.

ஏன் இத்தனை மைல்கள்? பூமி ஒழுங்கான உருண்டை இல்லை, துருவத்தில் சப்பை. அதனால் ஒரு கலையின் நீளம் ஊருக்கு ஊர் மாறும். நிலநடுக்கோட்டில் சுமார் 1843 மீட்டர், துருவத்தில் சுமார் 1862. பிரிட்டனின் 6080 அடி ஏறக்குறைய 48ஆம் பாகையில், ஆங்கிலக் கால்வாயின் வாய்ப்புறத்தில் பொருந்துகிற கலை. சர்வதேசமான 1852 பொருந்துவது 45ஆம் பாகையில், பிரான்சில் போர்தோ நகரப் பக்கம். துருவத்துக்கும் நடுக்கோட்டுக்கும் நடுவே அது இருப்பதால் சராசரியாக அதை எடுத்தார்கள், சதி ஒன்றும் இல்லை. ஆனாலும் பத்தாம் பாகையில் கிடக்கிற பாக் நீரிணையில் ஒரு கலை சுமார் 1843.5 மீட்டர்தான். மைலுக்கு எட்டரை மீட்டர் வித்தியாசம். பன்னிரண்டு மைலுக்கு நூறு மீட்டர். 'பூமியின் இயற்கையான அளவு' எங்கள் கடலில் நூறு மீட்டர் பிசகுகிறது.

இந்தப் பிசகைக் கண்டுபிடிக்க உதவிய அளவைகளில் ஒன்று தமிழ் மண்ணில்தான் நடந்தது. திப்புவை வீழ்த்திய பிறகு, 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் அடிக்கோட்டை 57 நாள் சங்கிலி போட்டு அளந்தார். கம்பெனிக்கு வேண்டியது கைப்பற்றிய நிலத்தின் வரைபடம். லாம்டனுக்கு வேண்டியது நடுக்கோட்டுப் பக்கத்தில் ஒரு பாகையின் நீளம், பூமியின் சப்பையைச் சொல்ல. தெற்கே சமவெளியில் உயரமான இடம் கிடைக்காமல் கோயில் கோபுரங்களில் ஏறினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து அவருடைய பெரிய கோணமானி கோபுரத்தில் மோதி நசுங்கியது. ஆறு வாரம் உட்கார்ந்து தானே தட்டிச் சரி செய்தாராம். கருவியைத் தூக்கிய கூலிகளின் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை.

*

தூரம் எப்படி எல்லை ஆனது? 1702இல் பின்கர்ஷூக் என்ற டச்சுச் சட்ட அறிஞர், ஆயுதத்தின் வீச்சு எங்கே முடிகிறதோ அங்கே நிலத்தின் அதிகாரமும் முடியும் என்றார். அதாவது பீரங்கிக் குண்டு விழுகிற இடம்வரை உன் கடல். வெளிப்படையான பேச்சு, அதிகாரம் தன்னைப் பற்றி இவ்வளவு உண்மையாகப் பேசியது அபூர்வம். ஆனால் குண்டு எங்கே விழும் என்று ஒவ்வொரு கரையிலும் சுட்டுப் பார்க்க முடியாது. 1782இல் நேப்பிள்ஸைச் சேர்ந்த கலியானி, மூன்று மைல் என்று நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமே என்றார். 1793இல் அமெரிக்காவின் ஜெபர்சன் அதையே தற்காலிகமாக ஏற்றார். அன்றைய பீரங்கி மூன்று மைல் சுடாது என்பது வேறு விஷயம். பாகைக்கு இருபது 'லீக்' என்கிற பழைய கடல் கணக்கில் ஒரு லீக் மூன்று மைல். கைக்கு வசதியான எண். பயணத்துக்காகப் பிறந்த அளவு வேலி போட உபயோகமான அளவாக மாறியது இங்கேதான். 1878இல் பிரிட்டன் அதைச் சட்டத்தில் எழுதியது.

எழுதியவர்களே தேவைப்பட்டபோது தாண்டினார்கள். 1903-04 வாக்கில் பாக் நீரிணையில் மூன்று மைலுக்கு வெளியே சங்கு எடுத்தவர்கள்மீது திருட்டு வழக்கு மதராஸ் உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. மூன்று மைலுக்கு வெளியே இருப்பது யாருக்கும் சொந்தமில்லை, பிறகு ஏது திருட்டு என்பது வாதம். இந்தக் கடல் பெரும்பாலும் மாட்சிமை தங்கிய மன்னரின் நிலங்களால் சூழப்பட்டது, சங்குப் படுகை தொன்றுதொட்டு அனுபவிக்கப்பட்டது, ஆகவே இது எங்கள் கடல்தான் என்றது நீதிமன்றம். மைல் என்ற விதி லாபத்துக்கு இடைஞ்சலாக வந்தபோது 'வரலாற்று உரிமை' வந்து நின்றது. இன்று மீனவர்கள் அதே வரலாற்று உரிமையைப் பேசும்போது அவர்களுக்கு மைல் காட்டப்படுகிறது.

பிறகு மூன்று வேகமாக வளர்ந்தது. 200 மைல் என்று முதலில் சொன்னது 1947இல் சிலி. பின்னணியில் இருந்தவர்கள் திமிங்கில வேட்டைக் கம்பெனிக்காரர்கள். இந்தியா 1956இல் ஆறு, 1967இல் பன்னிரண்டு என்றது. 1982இல் நிறைவேறி 1994இல் அமலுக்கு வந்த ஐ.நா. கடல் சட்டம் பன்னிரண்டையும் இருநூறையும் உலகப் பொதுவாக்கியது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே இருப்பதோ பதினாறு மைல் அளவு. பன்னிரண்டும் பன்னிரண்டும் இருபத்துநான்கு எப்படி அதில் அடங்கும்? 1921இலேயே சென்னை, இலங்கைக் காலனி அதிகாரிகள் மீன்பிடிக்கென ஒரு கோடு பேசியிருந்தார்கள். 1974 ஒப்பந்தம் பாக் நீரிணையில் ஆறு புள்ளிகளைப் பாகை, கலையில் எழுதி, அவற்றை இணைத்துக் கோடு போட்டது. சில புள்ளிகளுக்குக் கலையிலும் தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம்; அதாவது பதினெட்டு மீட்டர் துல்லியம். அந்த வருஷத்தில் அங்கே மீன்பிடித்த எந்தப் படகிலும் அந்தத் துல்லியத்தைப் பார்க்கும் கருவி இல்லை. அதிகாரம் தன் குடிகளால் வாசிக்க முடியாத எழுத்தில் ஒரு பிரதியை எழுதி, அதை மீறியதற்குத் தண்டிக்கவும் செய்தது.

ஆகாயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விமானிகளும் மாலுமிகளின் வரைபடக் கணக்கையே சுவீகரித்தார்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் அலகு விதிகளில் கிலோமீட்டர்தான் முறையானது. கடல் மைலும் நாட்டும் 'தற்காலிகமாக' அனுமதிக்கப்பட்டவை, முடிவுத் தேதி தீர்மானிக்கப்படவில்லை. நம் ஊர்த் தற்காலிக ஊழியர்கள் மாதிரி பல பத்தாண்டாக வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

*

இன்று நிலைமை மாறிவிட்டது. படகில் ஜி.பி.எஸ். இருக்கிறது. கோட்டுக்கு எத்தனை மைல் என்று பெட்டி சொல்லும். 'தெரியாமல் தாண்டிவிட்டார்கள்' என்று நாம் எழுதுகிற வாக்கியம் பல சமயம் பொய், அது நமக்கும் தெரியும். இன்ஜின் நின்று நீரோட்டத்தில் போகிறவர்கள் உண்டு. மீன் அந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தே போகிறவர்களும் உண்டு. இந்தப் பக்கத்து விசைப்படகின் இழுவைமடி அடியோடு வாரிக்கொண்டு போவது யாருடைய கடலை? யுத்தம் முடிகிறவரை கடலில் இறங்கவே தடைகளும் கட்டுப்பாடுகளும் இருந்து, 2009க்குப் பிறகு கடன் வாங்கி வலை வாங்கிய யாழ்ப்பாண, மன்னார்த் தமிழ் மீனவனின் கடலை. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டப்படி தடை செய்தது. சுடுகிற கடற்படையைக் கண்டிப்பதும், இழுவைமடியைப் பற்றி வாய் திறப்பதும் ஒன்றுக்கொன்று விரோதம் என்று இங்கே ஒரு மௌனம் நிலவுகிறது. கடல் மைல் இந்த மௌனத்துக்கு ஒத்தாசை செய்கிறது. கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று மட்டுமே அது கேட்கும். எந்த மடியால், யாருடைய வயிற்றை அடித்து என்று கேட்காது.

ஆனால் அதே மைலை எதிர்த்திசையில் உபயோகித்ததும் நடந்திருக்கிறது. எழுபதுகளில் விசைப்படகுகள் கரைக்கடலை அழித்தபோது கட்டுமரக்காரர்களும் வள்ளத்துக்காரர்களும் போராடினார்கள், ரத்தம் சிந்தினார்கள். 1983இன் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையிலிருந்து மூன்று கடல் மைல் பாரம்பரிய மீனவருக்கு, விசைப்படகு அதற்கு வெளியே என்றது. மூன்று. கலியானியின் பீரங்கிக் குண்டு இருநூறு வருஷம் கழித்துக் கட்டுமரத்துக்குக் காவலாக வந்து நின்றது! காவல் எவ்வளவு தூரம் நடப்பில் இருக்கிறது என்பதைக் கரையில் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

பாக் நீரிணையில் அந்த மூன்றும் சிக்கலாக இருந்தது. தனுஷ்கோடியிலிருந்து கோடு ஏறக்குறைய எட்டு மைலில் வந்துவிடும். மூன்றைக் கழித்தால் அத்தனை விசைப்படகுகளுக்கும் மிஞ்சுவது ஐந்து மைல் அகலம். அங்கே மைலால் பிரித்து மாளவில்லை. அதனால் வேறு மாதிரி பிரித்துக்கொண்டார்கள்: வாரத்தில் மூணு நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகு. இடத்தை வெட்டாமல் நாளை வெட்டிய இந்த ஏற்பாட்டைக் கடற்கரையில் இன்றைக்கும் 'மூணு நாள் - நாலு நாள்' என்றே சொல்கிறார்கள். மீறல்கள் உண்டு, சண்டைகள் உண்டு. கோட்டின் இரு பக்கத்து மீனவர் பிரதிநிதிகளும் அரசுகளுக்கு வெளியேயும் உள்ளேயுமாகப் பலமுறை உட்கார்ந்து பேசியபோதும், மேஜைமேல் முதலில் வந்த கேள்வி இத்தனை மைல் என்பதல்ல. வருஷத்துக்கு எத்தனை நாள், எந்த மடி என்பதுதான்.